முதல் பாடவேளைக்கு வராதவர்கள்

மாணவர் நலப் பணியை நம் கல்லூரிகள் இன்னும் ஒரு தனித் தொழிலாகக் கருதுவதில்லை. அமெரிக்காவில் இந்தப் பொறுப்பில் இருந்த டீன்கள் 1919இலேயே ஒன்றுகூடித் தமக்கென ஒரு மாநாட்டைத் தொடங்கினார்கள். அதுவே பிற்பாடு நாஸ்பா என்னும் சங்கமாக வளர்ந்தது. இந்த வேலைக்கென்றே அங்கே முதுகலைப் படிப்பு இருக்கிறது. இப்பணியாளருக்கு இருக்க வேண்டியவை என்று இரு சங்கங்கள் சேர்ந்து 2015இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் பத்துத் திறன்கள் இருக்கின்றன. இங்கே வேதியியலோ வணிகவியலோ நடத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்ற ஒற்றை வரி ஆணையில் இந்த வேலை வந்து சேர்கிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருக்கும் எங்கள் கல்லூரிக்குப் பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் ஆகிய தீவு ஊர்களிலிருந்தும், பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் பலர் தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்.

பொறுப்பேற்ற பின் என்னைப் பயிற்சிகளுக்கு அனுப்பினார்கள். பகடிவதைத் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைகள், மாணவர் குறைதீர்ப்புக்கான 2023ஆம் ஆண்டு விதிமுறைகள், குழுவில் யார் யார் இருக்க வேண்டும், புகார் வந்த 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை எப்படித் தர வேண்டும் என்பனவெல்லாம் அங்கே ஒழுங்காகச் சொல்லித் தரப்பட்டன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். விதி தெரியாத அதிகாரியிடம் அகப்பட்ட மாணவன் பாடு திண்டாட்டம்தான். ஆனால் புகார் என்று தலைப்பிட்டு எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொண்டுவந்து தரும் மாணவனுக்காகவே அந்தப் பயிற்சிகள் அனைத்தும் அமைந்திருந்தன. அப்படிப்பட்ட மாணவன் எங்கள் அலுவலகத்துக்கு அபூர்வமாகத்தான் வருவான். வருகிறவர்கள் போனஃபைடு சான்றிதழ் கேட்பார்கள், பஸ் பாஸுக்கு முத்திரை கேட்பார்கள், சில வேளை டி.சி. கேட்பார்கள். சொல்ல வந்தது அதற்குப் பின்னால் இருக்கும். அதைக் காதில் வாங்குபவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எழுத்தர்.

அந்த எழுத்தர் எந்தப் பயிற்சிப் பட்டியலிலும் இல்லை. 1987 முதல் பல்கலைக்கழகங்களில் நடந்துவந்த கல்விப் பணியாளர் கல்லூரிகள் மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, 2023இல் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் கீழ் மறுபெயர் பெற்றன; பெயர் எத்தனை முறை மாறினாலும் அவை பெரும்பாலும் ஆசிரியர்களுக்கானவை. விடுதிக் காப்பாளர், அலுவலக உதவியாளர், கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஆகியோருக்கு எப்போதாவது கணினிப் பயிற்சி கிடைத்தால் உண்டு. மாணவனை ஒரு நாளில் முதலில் பார்ப்பதும் கடைசியில் பார்ப்பதும் இவர்கள்தான் என்பது அனுப்புகிறவர்களுக்குத் தெரியாததல்ல; பதவி உயர்வுக்கான மதிப்பெண் இவர்களுக்கு இல்லாததால் யாரும் கேட்பதுமில்லை, அனுப்புவதுமில்லை.

ஆகவே மாதம் ஒருமுறை, மாலை வகுப்புகள் முடிந்தபின், நாங்களே கூடத் தொடங்கினோம். விதிமுறை வாசிப்பதில்லை. முடிந்துபோன ஒரு கோப்பை எடுத்து, பெயரைத் தாளால் மறைத்து, நடுவில் வைப்போம். அந்தப் பிள்ளை எந்த மேசைக்கு முதலில் போனது, என்ன கேட்டது, நாம் என்ன சொன்னோம் என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லிப் பார்ப்போம். தேநீர் செலவு மட்டும் மாணவர் நல நிதியில் எழுதப்படுகிறது; தணிக்கையில் அதற்கும் ஒரு கேள்வி வந்தது.

அப்படி ஒரு மாலையில் கோப்புக்குப் பதிலாக இரண்டாம் ஆண்டு வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்தோம். தீவிலிருந்து வரும் சில மாணவர்களுக்கு முதல் பாடவேளையில் மட்டும் வருகை குறைந்து, 75 விழுக்காட்டைத் தொடுமா என்ற நிலையில் இருந்தது. முன்பெல்லாம் இதற்கு ஆயத்த விடை ஒன்று எங்களிடம் இருந்தது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, தீவுப் பிள்ளைகள் பேருந்தை மட்டுமே நம்பியிருந்த காலம் அது. தாமதம் என்றாலே பாலம் என்று எழுதிவிடுவோம். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு ரயில் ஓடத் தொடங்கிய பின்னும் கட்டங்கள் காலியாகவே இருந்தன. துறைத் தலைவர் ஒருவர் ஒழுங்கீனம் என்றார். பதிவேட்டை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் ஒருவர், பாம்பன்காரர், அதைத் தம் பக்கம் திருப்பிவைத்து விரலை ஓட்டினார்.

“சார், செவ்வாயும் வியாழனும்தான் காலியா இருக்கு, பாருங்க. திங்க, புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போற நாளு. ராத்திரி பூரா பாடுபட்டு மறுநாக் காலையிலதான் கரைக்கு வரும். பயலுக மீன் இறக்க நிப்பானுக சார். இறக்கி, தரம் பிரிச்சு, கூலிய வாங்கி, குளிச்சிட்டுல கெளம்பணும்.”

பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துக்கொண்டு தொழில் செய்யும் ஏற்பாடு இந்தக் கரையில் எல்லோரும் அறிந்தது. எங்கள் பதிவேட்டுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. சரிபார்க்கவும் ஒரு வழி இருந்தது: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள்கள். பருவத் தேர்வுக்கு முன் ஏப்ரல் கடைசியில் வகுப்பு நடந்த சில நாள்களின் பக்கத்தைத் திருப்பினால், செவ்வாயிலும் வியாழனிலும் அதே மாணவர்கள் முதல் பாடவேளையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒழுங்கீனம் பற்றி யாரும் பேசவில்லை. அந்த இரண்டு நாள்களிலும் காலையில் இருந்த ஆய்வக வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்ற முதல்வர் ஒப்புக்கொண்டார். எல்லாத் துறைகளும் மாற்றவில்லை. மாற்றிய துறைகளில் வருகைக் குறைவுக்கு மன்னிப்புக் கட்டணம் கட்டுவோர் பட்டியல் சுருங்கியது.

பணித்திறன் மேம்பாடு என்று நான் நினைப்பது இதைத்தான். வெளியூர் வல்லுநர் எத்தனை நல்லவராக இருந்தாலும் செவ்வாய்க்கிழமையை அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது. கண்டுபிடிக்கக்கூடியவர் எங்களோடுதான் இருந்தார்; பதிவேடு அவர் கைக்குப் போனதில்லை, அவ்வளவே.

டி.சி. விஷயம் இதைவிடக் கடினமானது. ஒரு மாணவன் டி.சி. கேட்டால், பாக்கி ஏதும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் நோ டியூஸ் படிவத்தைக் கொடுத்து நூலகம், ஆய்வகம், விடுதி, விளையாட்டுத் துறை என்று அனுப்பிவைப்பது எங்கள் நடைமுறை. உதவித்தொகைக்கு ஒரு கையெழுத்து வாங்க வாரக்கணக்கில் அலைகிற கட்டடத்தில், கல்லூரியை விட்டுப் போகிறவனுக்கு மட்டும் எல்லாக் கையெழுத்தும் ஒரே பகலில் கிடைத்துவிடும். “எதுக்குப்பா டி.சி.?” என்று எழுத்தர் கேட்பார், “வேற காலேஜ் பாக்கலாம்னு சார்” என்று பதில் வரும், பேச்சு முடிந்தது. எங்கள் கூட்டங்களில் இதையே திரும்பத் திரும்பப் பேசி, இரண்டாவது கேள்வி ஒன்றை வழக்கமாக்கினோம்: “இப்ப வீட்ல யார் யாருப்பா இருக்காங்க?” ஏன் என்று கேட்டால் பொய் சொல்லத் தோன்றுகிறது, யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். அப்பா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறார், அம்மா பாசி எடுக்கப் போகிறார், மூத்தவன் இவன்தான், மங்களூர்ப் பக்கம் மீன்பிடிப் படகுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே வருகிறது. அந்தக் கேள்விக்குப் பின் எழுத்தர் செய்ய வேண்டியது படிவத்தைக் கொடுக்காமல் என்னிடமோ விடுதிக் காப்பாளரிடமோ அனுப்புவது. சிறையில் இருப்பவர் குடும்பத்துக்கு அரசு தரும் தினசரி உதவிக்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது, கல்விக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு மனு எப்படி எழுதுவது என்பவற்றை ஒரே தாளில் எழுதி ஜன்னலோரம் ஒட்டியிருக்கிறோம். எல்லோரும் தங்கிவிடுவதில்லை. மங்களூருக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் திரும்பி வந்தால் எந்தப் பருவத்தில் சேரலாம் என்பதைச் சொல்லி அனுப்புகிறோம்.

பணம் பற்றிய பயிற்சி எளிது, பலனும் உடனே தெரியும். புதுமைப் பெண் திட்டத்திலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரவில்லை என்று வருகிறவர்களில் பலருக்குச் சிக்கல், ஆதார் இணைந்திருப்பது கைவிட்ட பழைய வங்கிக் கணக்கோடு என்பதுதான். இதைப் பார்க்கத் தெரிந்த இளநிலை உதவியாளர் ஒருவர் விடுப்பில் போனால் முன்பு அலுவலகமே நின்றுவிடும். இப்போது இன்னும் இருவருக்குத் தெரியும். கட்டணத்தின் கடைசித் தேதி பற்றி மட்டும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்: தடைக்காலம் முடிந்து படகுகள் முதல் முறையாகக் கடலுக்குக் கிளம்புகிற அதே நாள்களில் புதிய பருவத்துக்குப் பணம் கட்டச் சொல்வது, மடி காய்ந்த மாட்டிடம் பால் கேட்பது போன்றது.

மனநலம் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழங்கிய வழிகாட்டுதல்கள் எனக்குப் பெரிய துணையாக அமைந்தன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவராவது வேண்டும் என்பதோடு, ஆசிரியர், ஆசிரியரல்லாதோர் என எல்லாப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ‘ஆசிரியரல்லாதோர்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு நான் எழுதிய கடிதங்கள் பல. எங்கள் விடுதியில் பெண்கள் மனம் திறப்பது, ஆசிரியர் அறைக்கு நேரெதிரில் பலகை மாட்டியிருக்கும் ஆலோசனை அறையில் அல்ல. இரவு உணவு முடிந்து தட்டுக் கழுவும் இடத்தில், காப்பாளர் அக்காவிடம். அவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தவை கொஞ்சம்தான்: புத்திமதி சொல்ல அவசரப்படாதிருத்தல், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதிருத்தல், உயிருக்கு ஆபத்தான பேச்சு வந்தால் அந்தப் பெண்ணைத் தனியே விடாதிருத்தல், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைத் தாமே அழைத்துப் பேசக் கொடுத்தல். ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின், மேல்சிகிச்சை என்றதும் மதுரையை நினைக்க வேண்டிய நிலையும் மாறிவிட்டது.

அண்மையில் வந்த பயிற்சி அழைப்புக்கு நான் அனுப்பிய பட்டியலில் முதலில் காப்பாளரின் பெயரையும், அடுத்து அந்தப் பாம்பன்காரரின் பெயரையும் எழுதியிருந்தேன். உதவிப் பேராசிரியர் நிலைக்குக் கீழ் இருப்பவர்கள் பதிவு செய்ய இயலாது என்று பதில் வந்தது. அந்த இரண்டு இடங்களை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வாடைக்காற்றுக் காலம் நெருங்குகிறது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் தீவு மாணவர்களை எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவது, போக முடியாதவர்களை விடுதியில் எங்கே தங்கவைப்பது என்பதே எங்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்திருக்கும் பொருள். அதைப் பேருந்து ஓட்டுநர் நடத்துகிறார்.