அப்பாவுக்குக் கொம்பு முளைத்த நோட்டு

எமில் ஃபெரிஸின் 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' (2017) என்ற படக்கதை நாவலைப் படித்த வேகத்தில் தொடங்கியது நான் வரையும் இந்தப் படக்கதை நோட்டு. 1960களின் சிகாகோவில் பத்து வயதுப் பெண் தன்னை ஓநாய் மனுஷியாக வரைந்துகொள்ளும் நாட்குறிப்பு. பால்பாயிண்ட் பேனா, கோடு போட்ட நோட்டு. பேனா நம்மிடமும் இருக்கிறது, புளியந்தோப்பில் பேய்க்கும் பஞ்சமில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். இப்போது 22வது பக்கம்.

முதல் நோட்டு வீண். மெல்லிசுத் தாள், நிழல் காட்டப் போட்ட நாலு அடுக்குக் குறுக்குக்கோடு தாங்காமல் கிழிந்தது. போதாததற்குக் கட்டி கட்டியாக மை. கோட்டைத் திருப்பும் இடத்தில்தான் பேனா கக்குகிறது என்று புரிய ஒரு வாரம் ஆனது. அப்புறம் இடது கையில் எப்போதும் ஒரு லுங்கித் துண்டு. பத்துக் கோட்டுக்கு ஒருமுறை முனையைத் துடைக்கிறேன். நீலத்தை விட்டுக் கறுப்புக்கும் மாறிவிட்டேன். ஸ்கேன் செய்தபின் நோட்டின் நீலக் கோடுகளை மட்டும் மங்கவைக்கலாம்.

இருட்டுக்குத்தான் பால்பாயிண்ட். அழுத்தக் கூடாது, லேசாகத் திரும்பத் திரும்ப. மில் சங்கு ஊதும் ராத்திரி ஒன்றுக்கே ஒரு முழு ரீஃபில் தீர்ந்தது.

கதை என் வீட்டுடையது. 1996இல் அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகும் அவர் பல மாதம் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனார். அத்தை வீட்டுக்குப் போகும் வழியில், ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு எட்டு வயது. யாரிடமும் சொல்லவில்லை. (ஸ்டேஷன் 1856இல் திறந்த கட்டடம்; அந்தத் தூண்களை வரைந்தே என் மணிக்கட்டு போனது.) நோட்டில் மில் புகைபோக்கிதான் பூதம். அது அப்பாவைத் தன் இனத்தில் சேர்த்துக்கொள்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அவருக்குக் கொம்பு வளர்கிறது.

போன வாரம் அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னாடா, உங்கப்பனுக்குக் கொம்பு வெச்சிகீற?"

திட்டு விழும் என்று நினைத்தேன். எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "மில்லு மூடுனது ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் சோறு கட்டிக் குடுத்தேன். தாலிய சேட்டு கடைல வெச்சது அவருக்குத் தெரியாது. அது எங்க இதுல?" என்றார்.

எங்கே இருக்கும்? என் நோட்டில் அம்மா அடுப்பைப் பார்த்து நிற்கும் வெறும் முதுகு. பால்பாயிண்டை அழிக்கவும் வழியில்லை. 3, 9, 14 மூன்று பக்கமும் முதலிலிருந்து.

நேற்று 3ஐ எடுத்தேன். அம்மா இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், கழுத்துக் கயிற்றில் தாலிக்குப் பதில் மஞ்சள் கிழங்கு. கறுப்பு மையில் பொன்னும் கிழங்கும் ஒரே மாதிரிதான் விழுகிறது. எவ்வளவு பெரிய கிழங்கு என்று அம்மாவிடம் கேட்டேன். சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.