நல்ல தண்ணியில் நின்றுபோன சைக்கிளிங்: மீனில்லாத் தொட்டியின் 46 நாள்

போன வருடம் தொட்டியையும் எட்டு கப்பி மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்தேன். பத்து நாளில் எட்டும் செத்து மிதந்தன. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் உண்டாகிற அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியாக் கூட்டம், அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் என்று இரண்டும் ஃபில்டரில் குடியேறிய பிறகுதான் மீன் விடவேண்டும், அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. இந்தக் குடியேற்றத்துக்குத்தான் சைக்கிளிங் என்று பேர். இந்தத் தடவை மீனே இல்லாமல் அதைச் செய்தேன். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தது 46 நாள் ஆனது, அதில் கணிசமான நாள் என் அதிபுத்திசாலித்தனத்துக்கே செலவானது.

தொட்டி ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். மணலும் மேலே விட்ட இடமும் போகத் தண்ணீர் 35 லிட்டர்தான். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப், நாலு கொத்து வாலிஸ்னேரியா செடி. ஹீட்டர் வாங்கவில்லை, மதுரைச் சித்திரை வெயிலில் தண்ணீர் தானாகவே 31 டிகிரியில் நின்றது, பாக்டீரியாவுக்கு அது போதும். மணல் வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தேன். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, பிஹெச் (தண்ணீரின் அமில, காரக் கணக்கு; 7-க்குக் கீழே அமிலம்) ஏற்றிவிடும் என்பார்கள். நுரைக்கவில்லை, சந்தோஷமாகக் கொட்டினேன்.

தண்ணீர் விஷயத்தில்தான் கோட்டை விட்டேன். எங்கள் வில்லாபுரம் வீட்டு போர் தண்ணீரில், கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் பேனாவை விட்டால் 1,250 காட்டும், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும். இந்த உப்புத் தண்ணியையா மீனுக்கு ஊற்றுவது என்று குடிக்க வைத்திருந்த ஆர்ஓ கேன் இரண்டைக் கவிழ்த்தேன். டிடிஎஸ் 40. இதைவிட நல்ல தண்ணி எங்கே கிடைக்கும்!

அம்மோனியாவுக்குத் தீனியை அழுக விடலாம், இறால் துண்டு போடலாம், இரண்டும் நாறும். நான் பிடித்தது நவச்சாரம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே அதுதான், வேதியியலில் அம்மோனியம் குளோரைடு. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. அழுக்கு மஞ்சளாக இருந்ததை வேண்டாமென்று சொல்லி வெள்ளையாக இருந்ததை வாங்கினேன். 25 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால் 10 மில்லியில் கால் கிராம் இருக்கும், என் தொட்டிக்கு அது 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) கொஞ்சம் மேலே அம்மோனியா தரும். ஊசி போடாத சிரிஞ்சில் எடுத்து ஊற்றுவதை அம்மா பார்த்துவிட்டு, "வெறுந்தண்ணிக்கு எதுக்குடா மருந்து ஊத்துற, அதுக்கென்ன காய்ச்சலா?" என்றார்கள்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. நாலாம் நாள் தண்ணீர் கஞ்சித் தெளிவு மாதிரி வெளுத்தது, நான் தொடவில்லை, மூன்று நாளில் தானே தெளிந்தது. இது வேறு பாக்டீரியா பெருகுவது, நமக்கு வேண்டிய கூட்டம் இல்லை. ஒன்பதாம் நாள் நைட்ரைட் சோதனைக் குழாய் வெளிர் நீலத்திலிருந்து லேசாக ஊதாப் பக்கம் சாய்ந்தது. பன்னிரண்டாம் நாள் அம்மோனியா அரை பிபிஎம்முக்கு இறங்கியது. இன்னொரு 10 மில்லி. பதினாறாம் நாள் மறுபடி. அதோடு நின்றது.

இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து, என்றைக்குப் பார்த்தாலும் அம்மோனியா சோதனையில் அதே பச்சை, இறங்கவே இல்லை. பாட்டிலில் விற்கிற பாக்டீரியாவை வாங்கி ஊற்றினேன், காசுதான் போனது. கரண்ட் போன அன்று ஃபில்டர் ஏழு மணி நேரம் நின்றதே, அதில் எல்லாம் செத்துவிட்டதோ என்று ஸ்பாஞ்சை மோந்து பார்த்தேன், மண்வாசனைதான் வந்தது. அதுவரை பிஹெச் பார்க்கவே தோன்றவில்லை, ஒரு நாள் சும்மா சொட்டு விட்டுப் பார்த்தால் பளிச்சென்று மஞ்சள். 6, அல்லது அதற்கும் கீழே, அட்டையில் அதற்குமேல் இறங்க நிறமில்லை.

அப்போதுதான் உறைத்தது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்போது அமிலம் வருகிறது. தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட்தான் அதை உறிஞ்சிப் பிஹெச்சைப் பிடித்து நிறுத்தும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் காரத்தன்மை (இப்படி அமிலத்தைத் தாங்குகிற சக்தி) காலியாகும். என் 10 மில்லி ஒவ்வொன்றும் லிட்டருக்கு 13 மில்லிகிராம் போலத் தின்றிருக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் இருந்ததே கொஞ்சம், இரண்டாவது தடவையிலேயே துடைத்து வழித்தாயிற்று. பிஹெச் விழுந்ததும் பாக்டீரியா வேலையை நிறுத்திவிட்டது. மணலில் நாலு கிளிஞ்சல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கும், நான்தான் எலுமிச்சம்பழம் பிழிந்து பொறுக்கி எடுத்த ஆளாயிற்றே!

26-ஆம் நாள் பத்து லிட்டர் எடுத்துக் கொட்டிவிட்டு, பைகார்பனேட் உள்ள அதே உப்புப் போர் தண்ணியை ஊற்றினேன். அன்று சாயங்காலமே பிஹெச் 7-க்கு மேலே. தொட்டியில் மீன் இருந்தால் இப்படி ஒரேயடியாக ஏற்றக்கூடாது, பிஹெச் ஏறும்போது தண்ணீரில் விஷம் குறைந்த வடிவத்தில் தூங்குகிற அம்மோனியத்தில் ஒரு பகுதி விஷ அம்மோனியாவாக மாறும். வெறும் தொட்டி என்பதால் துணிந்தேன். 31-ஆம் நாள் அம்மோனியா பூஜ்யம்.

அடுத்துப் பன்னிரண்டு நாள் நைட்ரைட் கத்திரிக்காய் நிறத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் 5 மில்லி மட்டும் ஊற்றி, நடுவில் இன்னும் ஐந்து லிட்டர் போர் தண்ணீர் மாற்றி, வேறொன்றும் செய்யவில்லை. 43-ஆம் நாள் காலை நைட்ரைட் குழாய் வெளிர் நீலம். நம்பாமல் இன்னொரு குழாயிலும் பார்த்தேன்.

நேற்று ராத்திரி முழு 10 மில்லி ஊற்றினேன், இன்று ராத்திரி அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 40-க்கும் 80-க்கும் நடுவில். சனிக்கிழமை முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றப் போகிறேன், ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்ஓ. டிடிஎஸ் 440 பக்கம் வருகிறது. நியான் டெட்ரா ஆசை இருந்தது, அதற்கு உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர் வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். கப்பிக்கு இந்த உப்பு பிடிக்கும், முதலில் நாலு மட்டும். அதுவரை பாக்டீரியா பட்டினி கிடக்கக்கூடாது என்று தினம் சிரிஞ்சோடு நிற்கிறேன், அம்மா இப்போதெல்லாம் "ஊத்திட்டியாடா?" என்று அவர்களே கேட்கிறார்கள்.