கரோலினாவின் குழாய்த் தண்ணீர்

தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி ரயிலைப் பற்றிப் பேசுகிறோம். அந்த நிலக்கரியைக் கழுவிக் குவித்து ஏற்றும் இடங்களைப் பற்றி டர்பனில் யாரும் வாய் திறப்பதில்லை. கரியோடு இருக்கும் பைரைட் என்ற கந்தகக் கனிமம் காற்றும் மழையும் பட்டால் அமிலமாகும். அது ஓடைக்குத்தான் போகும். 2012 ஜனவரியில் ம்புமலாங்கா மாகாணத்தின் கரோலினா ஊரில், சுரங்கப் பக்கத்து அமில நீர் ஊர் அணைக்குள் கலந்தது. மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. 72 மணி நேரத்துக்குள் தண்ணீர் கொடு என்று ஜூலையில் உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது! நம் மீலி மாவுக்கான மக்காச்சோளம் நிறைய விளைகிற மாகாணம் அது.

இப்படி ஓர் இடம் நடத்த 1998 நீர்ச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும், சரி. கசியாத தளமும் தனி வடிகாலும் கட்டி முடித்த பிறகுதானே முதல் லாரியை உள்ளே விட வேண்டும்? டண்டீ பக்கம் நிலம் வைத்திருக்கும் சொந்தங்களே, அப்படி ஓர் இடத்துக்கு உரிமம் கேட்கும் நோட்டீஸ் ஏதாவது கண்ணில் பட்டால் கருத்துச் சொல்லும் கெடுவைத் தவறவிடாதீர்கள்.