காப்பா எண் ஏறினால் உடனே காஸ்டிக்கைக் கூட்டாதீர்கள்

ஆரம்பாக்கம் தாண்டி தடா, சூலூர்பேட்டை வரை கடலோர மணலில் நிற்பது சவுக்கு. நாம் சவுக்கு என்பதை அடுத்த ஊரில் தெலுங்கில் சருகுடு என்பார்கள். தைலமரம் அவர்களுக்கு ஜாமாயில். வடக்கே ராஜமுந்திரி ஆலையும் தெற்கே புகளூர் ஆலையும் சவுக்கைக் கூழாக்குகிறவை. அதனால் எல்லையின் இரு பக்கமும் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்குச் சவுக்கு மரச்சில்லையே வேகவைத்துக் கூழாக்க எடுப்பது இயல்புதான். கூழில் லிக்னின், அதாவது நார்களை ஒட்டிவைக்கும் பொருள், எவ்வளவு மீந்திருக்கிறது என்பதைக் காட்டுவது காப்பா எண். கேள்வியும் பெரும்பாலும் ஒன்றே: "காப்பா 18 வரவேண்டும், 24 வருகிறது. காஸ்டிக்கை 2 சதவீதம் கூட்டலாமா?"

கூட்டினால் எண் இறங்கும். ஆனால் லிக்னினோடு நாரின் உடலான செல்லுலோஸும் போகும், கூழின் விளைச்சல் குறையும், எண் ஏன் ஏறியது என்பது கடைசிவரை தெரியாது. முதலில் காரணத்தைப் பிடியுங்கள்.

சில்லை வேகவைத்துக் கூழாக்கும் கிராஃப்ட் முறையில் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஜெர்மானியர் கார்ல் டால் 1884-ல் காப்புரிமை பெற்ற முறை இது. லிக்னின் அலகுகளைக் கோக்கும் கண்ணிகளில் பாதிக்கு மேல் பீட்டா-ஓ-4 என்ற ஈதர் பிணைப்பு. ஹைட்ரோசல்ஃபைடு அயனி அதைத் தாக்கி அறுக்கும். சல்ஃபைடு இல்லாமல் காஸ்டிக் மட்டும் இருந்தால் அறுபடுவது மெதுவாகும். அறுபட்ட துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொள்வதும் கூடும். சவுக்கு, தைலமரம் போன்ற பூக்கும் தாவர மரங்களின் லிக்னினில் சிரிங்கில் என்ற அலகு அதிகம். அந்த அலகில் வளையத்தின் 3, 5 இரு இடங்களையும் மெத்தாக்சில் அடைத்திருப்பதால், கார்பனுக்குக் கார்பன் என்று இறுகிய பிணைப்புகள் குறைவு. பைன் மரத்தைவிட நம் மரங்கள் எளிதில் வேகக் காரணம் இதுதான்.

செல்லுலோஸின் கதை வேறு. அதன் சங்கிலிக்கு ஒரு முனைதான் பலவீனம், ஒடுக்கும் முனை. 100 டிகிரி தாண்டியதுமே காரம் அந்த முனையிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாக உரிக்கத் தொடங்குகிறது. சராசரியாக 50, 60 அலகு உரிந்தபின் முனையில் மெட்டாசாக்கரினிக் அமிலம் உருவாகி உரிதல் நின்றுவிடும். நின்றதே என்று நிம்மதியடைய முடியாது. 150 டிகிரியை ஒட்டி, சங்கிலி நடுவிலும் அறுபட ஆரம்பிக்கிறது. அறுபடும் ஒவ்வொரு இடமும் புது முனை; அங்கிருந்து மறுபடி உரிதல். காஸ்டிக் கூடக்கூட இந்த நடு அறுப்பு கூடும். காகிதத்தின் வலு இதில்தான் போகிறது. ஆகவே காப்பாவை மட்டும் பார்த்துக் கூழை மதிப்பிடாதீர்கள். குப்ரிஎத்திலீன்டயமின் கரைசலில் கூழைக் கரைத்து, சங்கிலியின் நீளத்தைக் காட்டும் பாகுத்தன்மையையும் கூடவே பாருங்கள்.

அளவுகளுக்கு வருவோம். 200 கிராம் உலர் எடைச் சில்லு எடுப்பதாகக் கொள்வோம். காற்றில் காய்ந்த சில்லில் 12 சதவீத ஈரம் இருந்தால் தராசில் 227 கிராம் வைக்கவேண்டும். கூடுதல் 27 கிராமும் தண்ணீர். மரம் ஒன்றுக்குத் திரவம் நான்கு என்றால் மொத்தம் 800 மி.லி., அதில் இந்த 27-ஐயும் கணக்கில் சேர்க்கவேண்டும். செயல்படு காரம், அதாவது காஸ்டிக்கும் சல்ஃபைடும் சேர்ந்தது, சோடியம் ஆக்சைடாகக் கணக்கிட்டால் உலர் சில்லில் 17 சதவீதம், அதாவது 34 கிராம். சல்ஃபிடிட்டி (அந்தக் காரத்தில் சல்ஃபைடின் பங்கு) 25 சதவீதம் என்றால் அதில் 8.5 கிராம் சல்ஃபைடு பங்கு, 25.5 கிராம் காஸ்டிக் பங்கு. உண்மையான எடைக்கு மாற்றினால் காஸ்டிக் 32.9 கிராம், சோடியம் சல்ஃபைடு 10.7 கிராம். கடையில் வாங்கும் மஞ்சள் செதில் சல்ஃபைடில் சுமார் 60 சதவீதம்தான் சரக்கு, ஆகவே 17.8 கிராம் வேண்டும். பலர் 10.7 கிராமையே நிறுத்துப் போட்டுவிடுகிறார்கள். சல்ஃபிடிட்டி 17-க்கு இறங்கிவிடும், காப்பா ஏறும். பழைய டப்பாவில் இன்னும் மோசம்: ஈரம் குடித்து, காற்றில் ஆக்சிஜனேற்றம் ஆகித் தயோசல்ஃபேட்டாக மாறியிருக்கும். லிக்கரை (வேகவைக்கும் காரத் திரவத்தை) கலந்ததும் டைட்ரேஷன் செய்து பார்க்காமல் ஒரு குக் (ஒருமுறை வேகவைப்பது) கூட ஏற்றாதீர்கள்.

ஈரத்தைச் சோதிக்கும்போது எந்தப் பையிலிருந்து சில்லை எடுத்தீர்களோ, அதே பையிலிருந்து அதே நாளில் 105 டிகிரி ஓவனில் காயவையுங்கள். பழவேற்காடு பக்கத்துக் கடல்காற்றில் திறந்து வைத்த பை ஒரே இரவில் எடை மாறிவிடும்.

அடுத்தது வெப்பம். இதில் நடக்கும் பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது என் எண்ணம். 1957-ல் வ்ரூம் என்பவர் தந்த எச்-காரணி நேரத்தையும் வெப்பத்தையும் ஒரே எண்ணாக்குகிறது. 100 டிகிரியில் வேகம் 1 என்றால் 160-ல் ஏறத்தாழ 400, 165-ல் 610, 170-ல் 920. உங்கள் வெப்பமானி 168 காட்டும்போது டைஜெஸ்டருக்குள் (சில்லு வேகும் கலத்துக்குள்) 165 இருந்தால் வேகம் நாலில் ஒரு பங்கு குறைந்துபோனது. அதை ஈடுகட்டக் காஸ்டிக்கைக் கூட்டுவது, உலை எரியவில்லை என்று அரிசியில் சோடா உப்பு போடுவதைப் போன்றது. எண்ணெய்த் தொட்டியில் பல குண்டுகளை (மூடிய சிறு கலங்களை) சுழலவிடும் கருவியில் வெப்பமானி இருப்பது எண்ணெயில். குண்டின் நடுப்பகுதி அதற்குப் பின்தங்கியே வரும். ஒரு குண்டில் வெறும் தண்ணீர் நிரப்பி, நடுவில் தெர்மோகப்பிள் செருகி ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும். சூடேறும் நேரத்துக்கும் எச்-காரணி உண்டு. 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைக் குறித்து அதையும் கூட்டவேண்டும்.

சில்லைப் பொறுத்தவரை நீளமோ அகலமோ அல்ல, தடிமன்தான் முக்கியம். 8 மி.மீ. தாண்டிய சில்லின் நடுவுக்குக் காரம் போய்ச் சேருமுன் வழியிலேயே செலவாகிவிடும். சவுக்கு அடர்த்தியான மரம். 3 முதல் 5 மி.மீ. வரை சலித்து எடுப்பது நல்லது. கணுவையும் பட்டையையும் தனியே ஒதுக்குங்கள். சவுக்குப் பட்டை தோல் பதனிட உதவும் அளவுக்கு டானின் கொண்டது. அந்த டானின் லிக்கரில் இருக்கும் காரத்தைத் தின்றுவிடும். மரத்தை வெட்டிய ஈரத்தோடு உரித்தால் பட்டை பாளமாகக் கழன்று வரும். காய்ந்துவிட்டால் அரிவாளால் செதுக்கவேண்டும், இடுக்கில் கடல்மணலும் தங்கிவிடும்.

குக் முடிந்ததும் கூழைக் கழுவும் அவசரத்தில் பிளாக் லிக்கரை (வெந்தபின் மிஞ்சும் கறுப்புத் திரவத்தை) கொட்டிவிடாதீர்கள். நோயைச் சொல்லும் சாட்சி அதுதான். 10 மி.லி. எடுத்து, பேரியம் குளோரைடு சேர்த்துக் கார்பனேட்டைப் படியவிட்டு, தெளிவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்தால் மீந்த காரம் தெரியும். லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் காஸ்டிக் மீந்திருந்தால் காரம் போதுமானதாக இருந்தது என்று பொருள். பி.எச். 11-க்கும் கீழே போயிருந்தால் கரைந்த லிக்னின் திரும்பவும் நார்மேல் படியும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. இந்த ஒரு நிலையில்தான் காஸ்டிக்கைக் கூட்டுவது சரியான மருந்து.

பிறகு 0.15 மி.மீ. இடுக்குள்ள சல்லடையில் கூழைச் சலியுங்கள். வேகாத கட்டிகள் நிறையவும் சலித்த கூழின் காப்பா சரியாகவும் இருந்தால் குறை சில்லின் தடிமனில். கட்டி குறைவு, காப்பா அதிகம், மீந்த காரமும் தாராளம் என்றால் வெப்பத்தையோ சல்ஃபைடையோ சந்தேகப்படுங்கள். அவை இரண்டும் சரி, ஆனாலும் எண் இறங்கவில்லையா? அப்போது சோதனையையே விசாரிக்கவேண்டும்.

காப்பா சோதனை லிக்னினை நேரே அளப்பதில்லை. 25 டிகிரியில் 10 நிமிடம் கூழ் எவ்வளவு பெர்மாங்கனேட்டைத் தின்கிறது என்பதைத்தான் அளக்கிறது. 0.1 நார்மல் கரைசல் 100 மி.லி. ஊற்றினால் அதில் பாதி செலவாகும்படி கூழின் எடையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். காப்பா 18-ஐ எதிர்பார்த்தால் 50-ஐ 18-ஆல் வகுத்து, உலர் எடையில் சுமார் 2.8 கிராம். 1 கிராம் மட்டும் போட்டுவிட்டுத் திருத்தக் காரணியால் சரிக்கட்டுவது நம்பத்தக்கதல்ல. சித்திரை வெயிலில் ஆய்வகமே 36 டிகிரியில் கொதிக்கும். தண்ணீர்த் தொட்டியில் வைக்காத பீக்கரில் எண் கூடித்தான் வரும்.

அடுத்து ஹெக்செனூரானிக் அமிலம். நம் மரங்களில் சைலான் என்ற சர்க்கரைச் சங்கிலி அதிகம். அதில் தொங்கும் மெத்தில் குளுகுரானிக் அமிலம் சூடான காரத்தில் மெத்தனாலை இழந்து ஹெக்செனூரானிக் அமிலமாக மாறும். அதன் இரட்டைப் பிணைப்பு பெர்மாங்கனேட்டைத் தின்னும். கிலோ கூழில் 11.9 மில்லிமோல் இருந்தால் காப்பாவில் 1 எண் கூடும். 50 மில்லிமோல் இருந்தாலே 4 எண்ணுக்கு மேல்; அதில் லிக்னின் துளியும் இல்லை. அதைத் துரத்திக் காஸ்டிக்கைக் கூட்டுவது செல்லுலோஸை வீணாகக் கொல்வதுதான். பி.எச். 3 முதல் 3.5-ல், 95 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். முன்னும் பின்னும் காப்பா எடுத்துப் பாருங்கள். இறங்கிய எண்ணில் பெரும்பங்கு அதனுடையதுதான். மெர்க்குரிக் குளோரைடு சேர்த்து 260, 290 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்கும் முறை இன்னும் துல்லியம். ஆனால் அந்தக் கழிவைத் தனிப் புட்டியில் சேர்த்து வைக்கவேண்டும், சிங்கில் ஊற்றக்கூடாது.

மரத்திலேயே லிக்னினை அளக்கும் கிளாசன் முறையிலும் இதேபோல ஒரு குழி உண்டு. 72 சதவீதக் கந்தக அமிலத்தில் 2 மணி, பிறகு 3 சதவீதமாக நீர்த்து 4 மணி கொதிக்கவைப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன் மரத்தூளைக் கரைப்பானிலும் சுடுநீரிலும் கழுவாவிட்டால் டானின் கரையாமல் நின்று லிக்னின் கணக்கில் ஏறும். அமிலத்தில் கரைந்துபோன லிக்னின் இன்னொரு பக்கம் விடுபடும். வடிநீரை 205 நானோமீட்டரில் அளந்து அதையும் சேர்க்கவேண்டும்.

செல்லுலோஸைக் காப்பாற்ற ஆந்த்ராகுவினோன் என்ற வினையூக்கியைச் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். 200 கிராமுக்கு 0.1 முதல் 0.2 கிராம் போதும். ஒடுக்கும் முனையை அமிலமாக்கி உரிதலை நிறுத்தும், லிக்னினையும் சீக்கிரம் அறுக்கும். ஆனால் புற்றுநோய் ஐயத்தால் ஜெர்மனி 2013-ல் உணவுப்பொருள் தொடும் காகிதங்களுக்கான பரிந்துரைப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. ஒப்பிட்டுப் படிக்க ஒரு குக்கில் பயன்படுத்துங்கள், வழக்கமாக்க வேண்டாம்.

பிளாக் லிக்கரிலிருந்து லிக்னினைப் படியவைக்க அமிலம் ஊற்றுகிறவர்கள், ஃப்யூம் ஹூட் (நச்சு வாயுவை வெளியே இழுக்கும் கூண்டு) ஓடாமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். சல்ஃபைடு முழுவதும் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். செறிவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றினால் அறையை விட்டு உடனே வெளியே வந்துவிடவேண்டும்.