லியோனில் ஒற்றைக் குதிரை, இரட்டைக் குதிரை

சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் அருங்காட்சியகத்தைக் காண பிரான்ஸின் லியோன் நகருக்கு ரயில் ஏறுமுன், அவர்கள் எடுத்த, தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் படத்தைப் பார்த்துவிடுங்கள். ஐம்பது விநாடிதான், ஆனால் மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் வண்டியை ஒற்றைக் குதிரை இழுக்கிறது, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் குதிரையே இல்லை. 1895 மார்ச் 19 அன்று எடுத்தது ஒற்றைக் குதிரைப் படம் என்பார்கள். இடப்பக்கம் சிறு கதவு, வலப்பக்கம் பெரிய வாயில், குறுக்கே ஒரு நாய். இவை மனத்தில் இருந்தால்தான் அந்தத் தெருவில் போய் நிற்பதற்கு அர்த்தம் உண்டு.

பார்ட்-தியூ ரயில் நிலையத்தில் மெட்ரோ பி தடம் பிடித்து, சாக்ஸ்-கம்பெத்தாவில் டி தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் மோன்ப்ளெசீர்-லூமியேர். தெருவின் பெயரே 'முதல் திரைப்படத் தெரு', அருங்காட்சியகத்தின் கதவு எண் 25. திங்கட்கிழமை வழக்கமாக விடுமுறை. படத்தில் கண்ட வாயிலைத் தேடாதீர்கள், அது இல்லை. தொழிற்சாலைக் கொட்டகையின் கூரைதான் மிச்சம். அதன் கீழே இன்று ஒரு திரையரங்கு நடக்கிறது.

அருங்காட்சியகம் சகோதரர்களின் தந்தை அந்தோவான் லூமியேர் கட்டிய மாளிகையில் இருக்கிறது. அவசரப்படாமல் பார்க்க வேண்டியது லூமியேர் சகோதரர்களின் கருவியான சினிமாட்டோகிராஃப். ஐந்து கிலோ அளவில் ஒரு மரப்பெட்டி. படம் பிடிப்பதும் பிரதி எடுப்பதும் திரையில் காட்டுவதும் இந்த ஒரே பெட்டிதான். தையல் எந்திரம் துணியை நகர்த்துவதுபோல, உள்ளே ஒரு கொக்கி ஃபிலிமின் துளையில் மாட்டி இழுத்து, விட்டு, மீண்டும் மாட்டும். ஃபிலிம் நிற்கும் நேரத்தில் மட்டும் ஒளி விழும். எடிசன் ஃபிலிமில் ஒரு சட்டத்துக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, ஒவ்வொரு ஓரத்திலும் நான்கு செவ்வகத் துளைகள், லூமியேர் ஃபிலிமில் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரே வட்டத் துளை. பழைய பிரதியை அடையாளம் காண இது போதும்.

கைப்பிடியை விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 16 சட்டங்கள். 17 மீட்டர் ஃபிலிம் ஐம்பது விநாடி ஓடுவது அந்தக் கணக்கில்தான். இதையே 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் 33 விநாடியில் முடிந்துவிடும், எல்லோரும் ஓட்டமும் துள்ளலுமாகத் தெரிவார்கள். மௌனப் படம் என்றாலே வேகமாக ஓடும் என்ற தவறான எண்ணம் இப்படி வந்ததுதான். இணையத்தில் கிடைக்கும் பிரதியின் நீளத்தை முதலில் பாருங்கள்.

படம் காட்டும்போது விளக்குக்கும் ஃபிலிமுக்கும் நடுவே நீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவையை வைத்தார்கள். அக்காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டெனத் தீப்பிடிக்கும். குடுவை நீர் ஒளியைக் குவிப்பதோடு சூட்டையும் வாங்கிக்கொள்ளும். குடுவை உடைந்தால் ஒளி சிதறிவிடும், ஃபிலிம் பிழைக்கும். இவ்வளவு எளிய, இவ்வளவு நுட்பமான பாதுகாப்பைச் சினிமாவின் பிற்கால எந்திரங்களில் காண்பது அரிது.

அக்டோபரில் லூமியேர் திரைப்பட விழா வாரத்தில் கூட்டம் அலைமோதும். கருவிகளை நிதானமாகப் பார்க்க வேறு மாதம் போங்கள். மாலையில் அந்தக் கொட்டகை அரங்கில் என்ன படம் ஓடினாலும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.