ஸ்டோர் அலமாரி வேலை ஒருவழியாக முடிந்தது

ஏணி வேண்டுமென்றால் முதலில் மாப்பை நகர்த்த வேண்டும். மாப்பை நகர்த்தினால் அதில் சாய்ந்திருக்கும் அட்டைப்பெட்டி காலில் விழும். எங்கள் வீட்டு ஸ்டோர் அலமாரி இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்தது. 90 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், உயரம் மட்டும் தாராளமாக 240 செ.மீ. அவ்வளவு உயரத்துக்கு ஒரே ஒரு தட்டு, அதுவும் கைக்கு எட்டாத இடத்தில். ஆறு வார இறுதிகளை இதற்குக் கொடுத்தேன். நேற்று கதவைத் திரும்ப மாட்டினேன்.

எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: பலகை வாங்கக் கூடாது. பிரித்துப்போட்ட பழைய கட்டிலின் பிளைவுட் சும்மா கிடந்தது. 12 மி.மீ. கனம். தட்டுக்கு 18 மி.மீ. போடுவதுதான் வழக்கம் என்று தெரியும். இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்ன செய்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் வாரம் முழுக்க, உள்ளே இருந்ததை வெளியே எடுத்ததிலேயே போய்விட்டது. காலி செய்த பிறகுதான் பின்சுவரின் கீழ்ப்பக்கம் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருந்தது கண்ணில் பட்டது. சுவருக்குள் குழாய் கசிகிறதோ என்று வயிற்றைக் கலக்கியது. கசிவாக இருந்தால் மொத்த பட்ஜெட்டும் அங்கேயே காலி. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரோடு ஒட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் விட்டேன். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்பக்கம் கோத்திருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம். பின்பக்கம் பொட்டு ஈரம்கூட இல்லை, முன்பக்கம்தான் லேசாக வேர்த்திருந்தது. குற்றவாளி யாரென்று பார்த்தால் எங்கள் மாப்பு! தினமும் துடைத்து முடித்த கையோடு அதை ஈரமாகவே உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம். கதவின் அடியில் இரண்டரை செ.மீ. அறுத்துவிட்டு, மேலே வரிசையாக ஒன்பது துளை போட்டேன். காயாத மாப்புக்கு இனி உள்ளே இடமில்லை என்று வீட்டில் சொல்லியும் ஆகிவிட்டது.

பூஞ்சையைத் துடைத்துக் காயவிட்டு, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை. பெயிண்ட் வேறு அறைக்கு வாங்கியதில் மிஞ்சிய வெளிர் நிறம். இருட்டுப் பொந்துக்கு வெளிர் நிறம்தான் சரி. இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, தோள் வலித்தது.

தட்டுகளை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். உயரத்தைச் சமமாக ஐந்தாகப் பிரித்து முதலில் ஒரு படம் போட்டிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அந்த அளவு வாளிக்கே அதிகம். பல்பு டப்பாவை வைத்தால் அதன் தலைக்கு மேல் கிட்டத்தட்ட இன்னும் மூன்று டப்பா உயரத்துக்கு இடம் வீண். படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு டேப்பை எடுத்து ஒவ்வொரு பொருளாக அளந்தேன். வாளி 30, பெயிண்ட் டப்பா 20, பல்பும் வயரும் போட்ட டப்பா 12. ஒவ்வொன்றுக்கும் மேலே கை நுழைய 5 செ.மீ. கூட்டி, அதையே தட்டின் இடைவெளியாக வைத்தேன். இடது ஓரத்தில் 15 செ.மீ. சந்து ஒன்றை அடியிலிருந்து மேல்வரை விட்டு ஒரு நெட்டுப் பலகை நிறுத்தினேன். மடித்த ஏணி அந்தச் சந்துக்குள் நேராகப் போய் நின்றது. தட்டின் ஆழம் 40 போதும். முன்னால் மிஞ்சும் 20 செ.மீ.யில், கதவின் உள்பக்கக் கொக்கிகளில் துடைப்பமும் காய்ந்த மாப்பும் தொங்கும்.

மூன்றாவது வாரம், தட்டுகளைத் தாங்குவதற்கான மெல்லிய மரச் சட்டங்களை, அதாவது ரீப்பர் கட்டைகளைச் சுவரில் அடித்தேன். 20 மி.மீ. கனக் கட்டை, 50 மி.மீ. ஸ்க்ரூ, துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக். ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, துளை போட்டு, பிளக்கைத் தட்டி, ஸ்க்ரூவை முடுக்கினேன். எல்லாம் ஜம்மென்று உட்கார்ந்தது. கட்டையைக் கையால் ஓர் அழுத்து அழுத்தினேன், பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்தது. கூடவே ஒரு பிடி பூச்சு மண்.

உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. 50 மி.மீ. ஸ்க்ரூவில் கட்டையே 20 மி.மீ. தின்றுவிடுகிறது. சுவரின் சிமெண்ட் பூச்சு 15 மி.மீ. செங்கல்லுக்குள் போனது வெறும் 15 மி.மீ. பூச்சு எதையும் தாங்காது, பிடிப்பெல்லாம் செங்கல்லில்தான். போதாததற்கு, துளைக்குள் இருந்த தூளை ஊதாமலே பிளக்கை அடித்திருக்கிறேன். அது தூளின் மேல் உட்கார்ந்து, ஸ்க்ரூ திரும்பும்போதெல்லாம் தானும் திரும்பியிருக்கிறது. 75 மி.மீ. ஸ்க்ரூவும் நீளமான பிளக்கும் வாங்கினேன். பெரிதாகிப்போன துளைகளை அடைத்துவிட்டு, நாலு விரல் தள்ளிப் புதிதாகத் துளைத்தேன். டிரில் பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக ஒரு சுற்று டேப், ஒவ்வொரு துளைக்கும் பழைய சைக்கிள் பம்பால் நாலு ஊது. இந்த முறை கட்டையைப் பிடித்து நான் தொங்கியே பார்த்தேன். அசையவில்லை.

பலகையை அறுக்கும்போது சிலாம்பு பெயராமல் இருக்க, கோட்டின் மேல் டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்தே அறுத்தேன். தட்டுகள் ஏறின, சாமான் ஏறியது, போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் நிம்மதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பெயிண்ட் டப்பாக்கள் இருந்த தட்டின் முன்விளிம்பு சிரித்துக்கொண்டிருந்தது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூலைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். நடுவில் 5 மி.மீ. தொய்வு.

அக்காவுக்குப் போன் போட்டேன். "ஏண்டி, 12 மி.மீ. பலகையில டப்பாவ அடுக்குனா தொங்காம என்ன செய்யும்?" என்றாள். பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடும், 18 மி.மீ. போட்டிருந்தால் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பாக இருந்திருக்கும். அதற்காக இனிப் புதுப் பலகை வாங்குவதா? நிபந்தனை என்ன ஆவது? மிஞ்சிய ரீப்பரில் ஒரு துண்டை எடுத்துத் தட்டின் முன்விளிம்புக்கு அடியில் பசை தடவி ஸ்க்ரூ போட்டேன். கட்டை 40-க்கு 20. படுக்கவைத்துப் போடுவதுதான் சுலபம், கையும் அப்படித்தான் போனது. ஆனால் அதே கட்டையை நெட்டாக, 40 மி.மீ. பக்கம் மேலும் கீழுமாக நிற்கும்படி வைத்தால் நான்கு மடங்கு விறைப்பு கிடைக்கும். நெட்டாகவே போட்டேன். பசை காயும்வரை நடுவில் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தேன். மறுநாள் அந்தக் குச்சியை எடுத்துவிட்டு அதே டப்பாக்களை ஏற்றி நூல் பிடித்தால் 1 மி.மீ. மற்றத் தட்டுகளுக்கும் அப்படியே செய்தேன்.

சாமானைத் திரும்ப அடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பிளீச்சும் கழிவறைக்கு ஊற்றும் ஆசிடும் இத்தனை நாள் ஒரே தட்டில் தோளோடு தோள் உரசி நின்றிருக்கின்றன. இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பொந்துக்குள் அது விளையாட்டல்ல. ஆசிட் இப்போது பாத்ரூமில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. பிளீச்சை இங்கே ஒரு தட்டத்துக்குள் நிறுத்தியிருக்கிறேன். கதவைத் திறந்தால் தானாக எரியும் பேட்டரி விளக்கு ஒன்றை உள்ளே ஒட்டினேன். இது தேவையில்லாத ஆடம்பரம்தான், ஆனால் மொத்த வேலையிலும் வீட்டில் எல்லோரும் பாராட்டியது அதை மட்டும்தான்.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். ஒதுக்கியதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இரண்டு முறை ஸ்க்ரூ வாங்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

தொய்வு திரும்ப வருகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்துச் சுவரில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரி மகள் எதையோ எடுக்கக் கதவைத் திறந்தாள். விளக்கு எரிந்தது. "அம்மா, புதுச் சுவத்துல யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்க, நான் இல்ல!" என்று அங்கிருந்தே கத்தினாள்.