நூறு டீப்பாட்

"இதுக்கெல்லாமா மியூசியம்?" பின்னால் ஒரு பையன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை மியூசியம், சுருக்கமாக மெட். 2020-இல் புதுப்பித்துத் திறந்த பிரிட்டிஷ் கூடம். ஆளுயரத்தைத் தாண்டும் கண்ணாடி அலமாரிகளில் நூறு டீப்பாட், அதாவது மூக்கு வைத்த தேநீர்க் கெண்டி. அத்தனையும் இங்கிலாந்துச் சரக்கு.

ஒன்று காலிஃபிளவர்! கீழே பச்சை இலை, மேலே மூடிவரை வெளிர்ப் பூ. கைக்குள் அடங்கிவிடும்.

18-ஆம் நூற்றாண்டில் தேயிலை விற்ற விலைக்குப் பெரிய பாத்திரம் யாருக்குக் கட்டுப்படியாகும்? தேயிலைப் பெட்டிக்கே பூட்டுப் போட்ட காலம்.

முன்பெல்லாம் இந்த மாதிரிக் கூடங்களில் வெள்ளிச் சாமான், நாற்காலி, பீங்கான் என்று அடுக்கி, "பிரபுக்களின் ரசனை"யோடு முடித்துக்கொள்வார்கள். இப்போது தேயிலை சீனாவிலிருந்து வந்த கதையும், சர்க்கரைக்காகக் கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் கரும்பு வெட்டிய கதையும் கூடவே வருகின்றன.

அழகைக் கெடுக்கிறார்கள் என்று சிலருக்கு மனத்தாங்கல். எனக்கென்னவோ அதற்கப்புறம்தான் அந்தக் காலிஃபிளவரை விட்டு நகர மனமில்லை.

அதே மியூசியத்தில் 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் வடிவமைத்த லான்ஸ்டவுன் மாளிகைச் சாப்பாட்டு அறையும் இருக்கிறது, லண்டனிலிருந்து பெயர்த்து வந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே யார் பரிமாறினார்கள், மிச்சத்தை யார் சாப்பிட்டார்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதி வைக்கட்டும், அந்தப் பையனே நிற்பான்.